சிங்கத் தலைகளும் மனிதக் கைகளும்

பல ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் இளையோர் தவக்காலக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தனர். அப்போது மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நாளிதழ்களிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை ஒட்டி ஆண்டவரின் திருமுகத்தை உருவாக்கி வந்திருந்தாள். ஒரு கண் வயது முதிர்ந்த ஒருவருடையது. மறு கண் ஏதோ சோப்பு விளம்பரத்துப் பெண்ணுடையது. நெற்றி முழுவதும் கண்ணீர் அஞ்சலி அறிவிப்புகளில் வரும் சின்னஞ்சிறு முகங்கள். தாடியாக, 'மணமகன் தேவை' வரிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். ஞாயிறு முதல் பூசைக்கு முன் அதைக் கழற்றிவிடச் சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. ஆண்டவரின் முகம் விளையாட்டுப் பொருள் அன்று என்று அவளிடம் கூறினோம். அவள் மறுமொழி எதுவும் சொல்லாமல் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று அவள் ஓவியம் கற்றுத் தேர்ந்து, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெற்றோரைப் பார்க்க வந்தவள், நம் மேசையின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தாள். "ஃபாதர், இது கெட்ட புத்தகமா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் பங்கு நூலகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். பழைய கதையை அவள் எடுக்கவில்லை. எடுக்காததனால் நமக்கு அது இன்னும் பலமாக நினைவுக்கு வந்தது.

ஜெர்மனியில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சிலும் அமெரிக்காவிலும் கழித்த மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்னும் ஓவியர் 1934இல் பாரிஸில் வெளியிட்ட 'கருணையின் ஒரு வாரம்' என்பதே அந்தப் புத்தகம். 182 படங்கள். கதை சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாள்களாகப் பகுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மூலப்பொருளைக் குறித்திருக்கிறார்: சேறு, நீர், நெருப்பு, இரத்தம், கருமை, பார்வை, இறுதி நாளுக்கு 'அறியப்படாதது'. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை அறிந்த எவருக்கும் இந்த ஏழு நாள் கணக்கு எதை நோக்கிக் கண் சிமிட்டுகிறது என்பது விளங்கிவிடும். அங்கே ஒழுங்கின்மையிலிருந்து உலகம் எழுகிறது. இங்கே, திரைச்சீலையும் கம்பளமும் விரித்த செல்வர் வீட்டு வரவேற்பறைகள் நாளுக்கு நாள் ஒழுங்கின்மைக்குள் இறங்குகின்றன. தலைப்பிலும் ஒரு குத்தல் உண்டு. 1927இல் பிரான்சில் இதே பெயரைத் தழுவி ஒரு நற்பணி அமைப்பு தொடங்கப்பட்டிருந்தது. அதன் பெயரை எடுத்துத்தான் இந்தக் கொடுமைகளின் மேல் எர்ன்ஸ்ட் ஒட்டினார்.

முதல் முறை புரட்டியபோது, நேர்மையாகச் சொன்னால், இருபது பக்கம் தாண்டுமுன் மூடி வைத்துவிட்டோம். மறுவாரம் மீண்டும் எடுத்தோம். பார்த்ததைவிட, பார்த்தது ஏன் நம்மை விடாமல் பற்றிக்கொண்டது என்பதே அப்போது கேள்வியாக இருந்தது.

இந்தப் படங்கள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை அறிந்தால்தான் அவற்றின் பொருளை அணுக முடியும். புகைப்படங்களை அச்சிடும் வழி பரவுவதற்கு முந்தைய காலத்தில், நாவல்களுக்கும் அறிவியல் இதழ்களுக்கும் மரக்கட்டையில் செதுக்கிய படங்களையே அச்சிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் விற்பனையான மலிவு நாவல்களில் கொலை, கடத்தல், ஏமாற்றப்பட்ட பெண், மயங்கி விழும் சீமாட்டி எனப் படங்கள் ஏராளம். ழூல் மாரி என்பவர் 1883இல் வெளியிட்ட ஒரு பாரிஸ் நாவலின் படங்களை எர்ன்ஸ்ட் மிகுதியாகப் பயன்படுத்தியிருக்கிறார். அவற்றில் ஒருவனின் தலையை வெட்டி நீக்கிவிட்டு, விலங்கியல் நூலிலிருந்து ஒரு சிங்கத்தின் தலையை அங்கே ஒட்டுவார். செதுக்குப் படங்கள் எல்லாம் நெருக்கமான இணைகோடுகளால் ஆனவை. ஆகவே ஒரு படத்தின் கோடு மற்றொரு படத்தின் கோட்டோடு எளிதில் கலந்துவிடும். ஒட்டி முடித்த தாளை அச்சுக்கட்டையாக்கி அச்சிடும்போது மிச்சம் மீதி இருந்த வெட்டுத் தடமும் மறைந்துபோகும். நம் கையில் இருக்கும் பக்கத்தில் கத்தரிக்கோலின் சுவடே இல்லை. சிங்கத் தலையோடு அவன் பிறந்தான் என்றே தோன்றும். 1933இல் இத்தாலியின் விகோலேனோ கோட்டையில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, சில வாரங்களுக்குள் இவ்வளவையும் செய்து முடித்தார் என்பது வியப்பு.

கொலாஜ் என்னும் இந்த ஒட்டுச்சித்திர முறையைப் பற்றி எர்ன்ஸ்ட் கொண்டிருந்த கொள்கை எளியது. ஒன்றோடொன்று உறவில்லாத இரு பொருள்களை, இரண்டுக்கும் அந்நியமான ஒரு களத்தில் சந்திக்க வைத்தால் அங்கே ஒரு தீப்பொறி பறக்கும். சர்ரியலிசம் எனப்படும் மிகை யதார்த்த இயக்கத்தார் அந்தப் பொறியில் மனிதனின் மறைந்த உண்மை வெளிப்படும் என்று நம்பினர்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அந்தப் பகுதிக்கு 'பெல்ஃபோரின் சிங்கம்' என்பது அடையாளம். 1870-71 போரில் முற்றுகையைத் தாங்கி நின்ற பெல்ஃபோர் நகரின் நினைவாகச் சிற்பி பார்தோல்டி செதுக்கிய பெருஞ்சிங்கம் அது. அதன் நகல் ஒன்று பாரிஸின் நடுவிலும் நிற்கிறது. வீரத்தின் சின்னம். எர்ன்ஸ்டின் பக்கங்களில் அந்தச் சிங்கம் பீடத்திலிருந்து இறங்கிவிடுகிறது. இராணுவச் சீருடை அணிகிறது, நெஞ்சில் பதக்கங்கள் குத்திக்கொள்கிறது, வீடுகளுக்குள் நுழைகிறது, பெண்களை மிரட்டுகிறது, தண்டனை வழங்குகிறது. சிங்கத் தலையன் ஒருவன் அல்லன். பக்கத்துக்குப் பக்கம் உடை மாறுகிறது, பதவி மாறுகிறது, தலை மட்டும் அதே இனம்.

நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தலைகளை அல்ல, கைகளை. எர்ன்ஸ்ட் பெரும்பாலும் தலையைத்தான் மாற்றுகிறார், கைகளைத் தொடுவதில்லை. கத்தியைப் பிடித்திருப்பதும், கதவைத் திறப்பதும், பெண்ணின் மணிக்கட்டைப் பற்றியிருப்பதும் மெல்லிய விரல்களும் வெட்டப்பட்ட நகங்களும் உள்ள மனிதக் கைகள். தீமை செய்தவரை 'மிருகம்' என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்வது வழக்கம். ஒரு கொடுமை செய்தியாக வந்தால், மறுநாள் தேநீர்க் கடையில் முதலில் கேட்பது அந்தச் சொல்தான். இந்தப் படங்கள் அந்தத் தப்பிப்பை அடைத்துவிடுகின்றன. மிருகம் என்பது நாம் அவன் கழுத்துக்கு மேல் ஒட்டிய பெயர். செய்த கை நம் கை போன்றதே.

இன்னொன்றையும் கவனித்தோம். பழைய நாவலின் மூலப்படத்தில் அந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். வெறுப்போ, கெஞ்சலோ, வஞ்சகமோ, ஏதோ ஒன்று இரு கண்களுக்கிடையே ஓடியிருக்கும். ஆணின் தலையை மாற்றியதும் அந்தக் கோடு அறுந்துபோகிறது. பெண் இன்னும் பார்க்கிறாள். பார்த்த இடத்தில் அவளுக்கு மறுபார்வை கிடைப்பதில்லை. ஒரே அறையில், ஒரே கட்டிலருகில், தோளோடு தோள் உரசி நிற்கும் இருவருக்கிடையில் இவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை வேறு எந்த ஓவியரும் இத்தனை எளிய வழியில் நமக்குக் காட்டியதில்லை. குடும்பத் தகராறுகளைத் தீர்த்துவைக்க அழைக்கப்பட்டு, ஒரே பாயில் அமர்ந்து ஒருவரையொருவர் பாராமல் நம்மிடம் மட்டும் பேசும் கணவனையும் மனைவியையும் கண்டிருக்கிறோம். அந்த வீடுகள் நினைவுக்கு வந்தன.

1933 என்ற ஆண்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. பதக்கம் அணிந்த சிங்கங்களை அந்த ஆண்டில் வெட்டி ஒட்டியவர் ஒரு ஜெர்மானியர். எர்ன்ஸ்டின் முதல் மனைவி லூயிஸ் ஸ்ட்ராஸ் கலை வரலாறு கற்றவர், யூதப் பெண். எர்ன்ஸ்ட் 1922இல் மனைவியையும் இரண்டு வயது மகனையும் கொலோன் நகரில் விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போய்விட்டார். மகன் ஜிம்மி 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். தாயால் முடியவில்லை. 1944இல் பிரான்சிலிருந்து அவர் ஆஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. அறுந்துபோன உறவுகளைப் பற்றி 182 படங்கள் செய்தவர், தம் வாழ்விலும் ஒன்றை அறுத்தவர்தான். இதைச் சொல்வது அவரைத் தீர்ப்பிட அன்று. அவருடைய கலையை விடுதலையின் கொடி என்று மட்டுமே பாராட்டும் கட்டுரைகளில் லூயிஸின் பெயர் ஓர் ஓரக்குறிப்பாகச் சுருங்கிவிடுவது நமக்கு உறுத்துகிறது.

புத்தகத்தின் பெருங்குறையும் இங்கேதான் தொடங்குகிறது. புதன்கிழமை இரத்தத்தின் நாள். அதன் நாயகன் இடிபஸ். இங்கே ஆண்களுக்குப் பறவைத் தலைகள். இரயில் பெட்டியில் பறவைத் தலையன் அமர்ந்திருக்க, சன்னலுக்கு வெளியே ஸ்ஃபிங்க்ஸ் நிற்கும் படம் உண்மையிலேயே அருமையானது. ஆனால் பறவைத் தலையன் ஒருவன் ஒரு பெண்ணின் பாதத்தில் கத்தியைச் செலுத்தும் படமும் அங்கேயே இருக்கிறது. இடிபஸ் என்ற பெயருக்கு வீங்கிய பாதம் என்று பொருள் என்பதை அறிந்தவர் அதை விளக்கிவிடலாம். விளக்கம் வலியை நீக்குவதில்லை. நாளுக்கு நாள் கட்டப்படுவதும், மூழ்குவதும், குத்தப்படுவதும் பெண்ணுடலே. கொடுமையைக் காட்டுவதற்கும் கொடுமையில் திளைப்பதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. எர்ன்ஸ்ட் அதை எத்தனை முறை தாண்டினார் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டோம். அதிர்ச்சி நூறு முறை திரும்பினால் அது அதிர்ச்சியாகவும் இராது. வியாழக்கிழமையின் சேவல்களுக்கும் ஈஸ்டர் தீவுக் கல்தலைகளுக்கும் வந்து சேரும்போது கண் களைத்துவிடுகிறது.

எர்ன்ஸ்ட் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கோபம் புரியாது. 1891இல் கொலோனுக்கு அருகிலுள்ள புரூல் என்னும் ஊரில் ஆழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பிலிப் எர்ன்ஸ்ட் செவித்திறனற்ற பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியர். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டுவார். ஒரு நிகழ்ச்சியை எர்ன்ஸ்ட் தாமே சொல்லியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது இரவு உடையோடு வீட்டைவிட்டு வெளியேறித் திருப்பயணிகள் கூட்டம் ஒன்றில் கலந்துவிட்டாராம். அவர்கள் குழந்தை இயேசுவே வந்துவிட்டார் என்று மகிழ்ந்தார்களாம். தந்தை கோபம் தணிந்து, மகனையே குழந்தை இயேசுவாக ஓவியம் தீட்டினார். இதை வாசித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு குத்தலும் உண்டாயிற்று. ஆண்டவரின் உடலில் வேறொரு முகத்தைப் பொருத்திய முதல் ஆள் அந்தப் பக்தியுள்ள தந்தைதான். அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சிறுவன் வளர்ந்து 1926இல் வரைந்த படம் ஒன்று பெரும் கலகத்தை உண்டாக்கியது. அன்னை மரியா குழந்தை இயேசுவை மடியில் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறார். குழந்தையின் ஒளிவட்டம் தரையில் விழுந்து கிடக்கிறது. சன்னல் வழியே எர்ன்ஸ்டும் அவருடைய இரு கவிஞ நண்பர்களும் எட்டிப் பார்க்கின்றனர். இது நம் உள்ளத்தைப் புண்படுத்துகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் குழந்தை இயேசுவாக வரையப்பட்ட பிள்ளை ஒன்று இந்தப் படத்தை வரைந்தது என்று தெரிந்தபின், அடி வாங்குவது யார் என்ற ஐயம் நமக்கு எழத்தான் செய்கிறது. பிள்ளைகளின் தலையில் நாமே ஒளிவட்டம் மாட்டிவிட்டு, அது நழுவியதும் அடிக்கிற வீடுகளை நாம் அறிவோம்.

இதே சினத்தோடு, ஆனால் இதைவிடத் தாழ்ந்த தரத்தில், 1930இல் ஓர் ஒட்டுப்பட நாவலை எர்ன்ஸ்ட் வெளியிட்டார். கார்மேல் மடத்தில் சேர விரும்பிய ஒரு சிறுமியின் கனவு அது. மார்செலின்-மாரி என்ற இரட்டைப் பெயர் கொண்ட அவள் கனவில் மார்செலின், மாரி என்று இருவராகப் பிளந்துபோகிறாள். யார் யார் என்று அவளுக்கே குழப்பம். பிளவுபட்ட உள்ளம் என்ற கரு வலுவானது. ஆனால் படங்களுக்குக் கீழே வரும் உரையாடல்கள் மடத்து வாழ்வைக் கிண்டல் செய்வதோடு நின்றுவிடுகின்றன. பிள்ளைப் பருவத்துப் பழிதீர்ப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சொற்களைத் துறந்தபோதுதான் எர்ன்ஸ்ட் பெரிய கலைஞரானார் என்பது நம் கணிப்பு. செவி கேளாப் பிள்ளைகளுக்குப் பேச்சின் பொருளை முகத்திலும் கையிலும் காட்டிய ஒரு தந்தையின் வீட்டிலிருந்து வார்த்தையற்ற நாவல் ஒன்று வந்ததில் தொடர்பு இருக்குமோ என்றும் எண்ணிப் பார்க்கிறோம். இது வெறும் ஊகம்.

அந்தக் கார்மேல் நூல் வெளிவந்தபோது, குழந்தை தெரேசம்மாள் புனிதராக உயர்த்தப்பட்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ரோஜா மலர்களோடு புன்னகைக்கும் அவருடைய படம் அப்போது உலகெங்கும் பரவியிருந்தது. நம் வீடுகளிலும் அது உண்டு. அந்தப் படத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தெரேசாவின் அக்காள் செலின் 1894இல் மடத்தில் சேர்ந்தபோது ஒரு புகைப்படக் கருவியையும் கொண்டுவந்தார். தங்கையைப் பலமுறை படம் பிடித்தார். 1897இல், இருபத்துநான்கு வயதில் தெரேசா இறந்தபின், வெளியே பரவியவை பெரும்பாலும் செலின் தம் கைப்பட வரைந்தும் திருத்தியும் இனிமையாக்கிய உருவங்களே. திருத்தப்படாத புகைப்படங்கள் 1961இல்தான் நூலாக வெளிவந்தன. அவற்றில் இருப்பவர் அகன்ற தாடையும், உறுதியான வாயும், நேராகப் பார்க்கும் கண்களும், கடைசிக் காலத்துப் படங்களில் நோயின் களைப்பும் உள்ள ஒரு பெண். செலின் அன்பினால் செய்தார். அன்பினால் செய்தாலும் அது இன்னொரு முகம். எர்ன்ஸ்ட் கேலி செய்தது தெரேசாவையா, அந்த இனிமையாக்கப்பட்ட முகத்தையா? இரண்டையும் பிரித்தறிய அவருக்கு விருப்பமில்லை. பிரித்தறிய வேண்டிய நாமும் வெகுகாலம் அதைச் செய்யவில்லை.

'முகம்' என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். குருமடத்தில் மூவொரு இறைவனைப் பற்றிப் படித்தபோது, 'ஆள்' என்பதற்குக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வழங்கிய சொற்கள் நாடக நடிகன் அணியும் முகமூடியையும் குறித்தவை என்று ஆசிரியர் விளக்கினார். முகமூடியைக் குறித்த சொல்லை எடுத்து, திருச்சபைத் தந்தையர் மறைக்க முடியாத ஆழத்தைக் குறிக்கப் பயன்படுத்தினர். புனித தோமா அக்குவினாஸ் இன்னும் ஒரு படி சென்று, இறைவனில் ஆள் என்பது உறவாகவே நிலைத்திருத்தல் என்றார். தந்தை முதலில் தனியே இருந்து பிறகு மகனோடு உறவு கொள்பவர் அல்லர். அந்த உறவே அவர். இந்தப் பாடம் அன்று நமக்குத் தேர்வுக்கு உரியதாக மட்டும் இருந்தது. எர்ன்ஸ்டின் சிங்கத் தலையர்கள் முன்னால் அமர்ந்தபோதுதான் அதன் மறுபக்கம் புரிந்தது. உறவு அறுந்த இடத்தில் முகம் மட்டும் பத்திரமாக இராது. அதுவும் போய்விடும்.

எசேக்கியேல் கண்ட எலும்புப் பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்ளலாம். எலும்போடு எலும்பு ஓசையெழச் சேர்கிறது. நரம்பு வருகிறது, தசை வருகிறது, தோல் மூடுகிறது. எல்லாம் பொருந்திவிட்டன, ஆனால் உயிர் மூச்சு இல்லை. இறைவாக்கினர் அங்கே ஒரு கணம் நிற்கிறார். மூச்சு நான்கு திசைகளிலிருந்தும் வருவது அதற்குப் பிறகுதான். எர்ன்ஸ்டின் புத்தகம் முழுவதும் அந்த ஒரு கணத்துக்குள் நடக்கிறது என்று தோன்றுகிறது. எல்லாம் பிசகின்றிப் பொருந்தியிருக்கின்றன. சனிக்கிழமையின் கடைசிப் படங்களில் பெண்கள் கட்டிலிலிருந்து நழுவி, உடையின் மடிப்புகள் அலையாய்ப் பறக்க, அந்தரத்தில் மிதக்கின்றனர். விழுகிறார்களா, எழுகிறார்களா என்று சொல்ல முடியவில்லை. புத்தகத்தில் நமக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவையே. யாரும் அங்கே யாரையும் பற்றியிருக்கவில்லை. அவர்களைத் தாங்கவும் யாருமில்லை.

இதே காலத்தில், இதே கத்தரிக்கோலோடு, வேறு வழியில் சென்ற ஒரு பெண்மணியைப் பற்றிக் கூறாவிட்டால் ஒட்டுச்சித்திரத்துக்கே அநீதி செய்தவராவோம். பெர்லினில் வாழ்ந்த ஹன்னா ஹோக், 1916 முதல் பத்தாண்டுகள் ஒரு பெரிய பதிப்பகத்தின் கைவேலைப் பிரிவில் பூவேலைக்கும் சரிகைப் பின்னலுக்கும் மாதிரிகள் வரைந்து பிழைத்தவர். டாடா இயக்கத்து ஆண்கள் நடுவில் ஒரே பெண் என்று சொல்லத்தக்கவர். புகைப்படங்களை வெட்டி ஒட்டும் எண்ணம் 1918இல் பால்டிக் கடற்கரைக்கு ஓய்வுக்காகப் போனபோது தமக்கும் நண்பர் ஹவுஸ்மானுக்கும் தோன்றியது என்று கூறியிருக்கிறார். அங்குள்ள வீடுகளில் படைவீரன் ஒருவனின் அச்சிட்ட வண்ணப்படம் தொங்கும். சீருடையும் பின்னணியும் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. தலையிருக்கும் இடத்தில் மட்டும் அந்தந்த வீட்டுப் பிள்ளையின் புகைப்படம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும்.

இதை வாசித்ததும் நம் மக்கள் வீடுகள் கண்முன் வந்தன. இளம் வயதில் கணவனை இழந்த ஒரு தாய், இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லாததால், இரண்டு தனிப் படங்களை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து ஒன்றாக்கி மாட்டியிருப்பார். அவர் தோள் அகலமும் இவர் தோள் அகலமும் பொருந்தாது. ஒருவருக்கு வெளிச்சம் இடமிருந்து, மற்றவருக்கு வலமிருந்து. கோட்டு அவருடையதே அல்ல. வீடு மந்திரிக்கப் போகும்போது அந்தப் படத்தின் மேலும் தீர்த்தம் தெளிக்கச் சொல்வார்கள். அது பொய்ப்படம் என்று சொல்ல நமக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஹோக் வெட்டிய இடத்தை மறைப்பதில்லை. எர்ன்ஸ்டிடமிருந்து அவர் பிரியும் இடம் இதுதான். 1930இல் செய்த 'தாய்' என்னும் படத்தில், கருவுற்றுக் களைத்த ஓர் ஏழைப் பெண்ணின் உடல். முகத்தில் அமெரிக்கப் பழங்குடியினரின் மரமுகமூடி ஒன்று. அதனுள் கண்ணும் வாயும் மட்டும் வேறொரு பெண்ணுடையவை. ஒவ்வொரு வெட்டும் துலக்கமாகத் தெரிகிறது. தெரிவதனால்தான் இந்தத் தாயை எத்தனை பேர் எத்தனை விதமாக வெட்டினார்கள், அவள் எதையெதை ஒட்டவைத்துக்கொண்டு இன்னும் அமர்ந்திருக்கிறாள் என்று நாம் எண்ண முடிகிறது. கண் ஒன்று உயிரோடு நம்மைப் பார்க்கிறது. எர்ன்ஸ்டின் 182 பக்கங்களில் நாம் தேடிக் கிடைக்காத பார்வை அது. நாஜி ஆட்சிக் காலத்தின் பிற்பகுதியில் ஹோக் பெர்லினின் ஓரத்தில் ஒரு சிறு வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். ஆட்சியாளர் வெறுத்த நண்பர்களின் படைப்புகளையும் கடிதங்களையும் அங்கே பாதுகாத்து வைத்தார். 1978இல், எண்பத்தெட்டு வயதில் இறந்தார். கலைத்திறனில் எர்ன்ஸ்டை அவருக்கு மேலே வைப்பவர்கள் உண்டு. நாமும் கைவேலையின் நுட்பத்தில் அதை ஒப்புக்கொள்வோம். ஒருவரோடு ஒருவரைச் சேர்ப்பது என்றால் என்ன என்று கேட்டால், ஹோக்கிடம்தான் போவோம்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு எழுதிய மடலில், ஆன்மாவின் இருண்ட ஆழங்களையும் தீமையின் கலங்கவைக்கும் தோற்றங்களையும் கலைஞன் ஆராயும்போதுகூட, மீட்புக்கான மனித ஏக்கத்துக்கு ஒருவகையில் குரல் கொடுக்கிறான் என்ற கருத்தைக் கூறுகிறார். அந்த வரிகளை முன்பு படித்தபோது பெருந்தன்மையாகச் சொன்ன ஒரு வாசகம் என்று எண்ணிக் கடந்துபோனோம். ஏக்கம் என்பது கலைஞன் அறிந்தே வைப்பது என்று கொண்டதால் வந்த பிழை. எர்ன்ஸ்ட் எதற்கும் ஏங்கவில்லை என்று சத்தியம் செய்வார். ஆனால் ஒரு பெண்ணின் பார்வையைப் பதிலின்றி விடும் பக்கத்தைப் பார்ப்பவனுக்கு அங்கே ஒரு முகம் வேண்டியிருக்கிறது. அந்த வேண்டுதல் படத்தில் இல்லை; படம் நம்மிடம் உண்டாக்குகிறது.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? கெட்ட புத்தகம் அன்று. பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கத்தக்கதும் அன்று. மறைக்கல்வி மாணவர்கள் வந்துபோகும் நூலகத்தில் அதை வைக்கப்போவதில்லை. நம் அறை அலமாரியில் இருக்கும். பெரியவர்கள் கேட்டால் தருவோம், திருப்பித் தரும்போது ஐந்து நிமிடம் அமர்ந்து பேசிவிட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. இதை அவளுக்குக் கடிதமாக எழுதினோம். கடிதத்தின் இறுதியில், பல ஆண்டுகளுக்கு முன் நாம் கழற்றச் சொன்ன படம் இன்னும் இருக்கிறதா, இருந்தால் பார்க்கலாமா என்று கேட்டிருந்தோம். அதை எழுத மூன்று நாள் பிடித்தது. அவளிடம் நாம் பிழை செய்தோம் என்ற வரியை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு, மூன்றாம் முறை அப்படியே விட்டுவிட்டோம்.

பதில் வந்திருக்கிறது. படம் தாய் வீட்டில் பீரோவின் மேல் சுருட்டியபடியே இருக்கிறதாம். அம்மாவிடம் விரித்துப் பார்க்கச் சொன்னாளாம். செல்லரிக்கவில்லை. பசை காய்ந்து, நெற்றியிலிருந்த அஞ்சலிப் படங்களில் சில உதிர்ந்து தாளுக்குள்ளேயே கிடக்கின்றனவாம். அவற்றைக் கூட்டித் தள்ளிவிடாமல் ஒரு உறையில் போட்டு வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம். எந்த முகம் எந்த இடத்தில் இருந்தது என்று அவளுக்கு நினைவிருக்கிறதாம்.